முன்னவளின் மிஷின்

அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவள் எதையும் மாற்றச் சொல்லவில்லை. சோபாவின் நிறம் பிடிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. சமையலறை அலமாரிகள் அவள் கைக்கு ஒரு சாண் மேலே இருந்தன. முக்காலி போட்டு ஏறிக்கொண்டாள். கணவரின் முதல் மனைவி தன்னைவிட ஒரு தலை உயரம் என்பது அந்த அலமாரிகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

முன்னவள் செத்துப்போனவள் அல்ல. அதே ஊரில், சில பஸ் நிறுத்தங்கள் தள்ளி, அலமாரியும் சமையலறை மரவேலையும் எடுத்துச் செய்துகொண்டு நன்றாகவே இருந்தாள். இரண்டு பேரும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தார்கள் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அதுதான் இவளுக்கு உறுத்தல். தட்டுமுட்டுச் சாமான்களை வீசிச் சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

இவள் திரைச்சீலை தைக்கும் கடையில் தையல்காரி. அவர் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். பேச்சில் அளந்து அளந்து அடி வைக்கிற மனிதர். எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பார். அந்தச் "சரிம்மா"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

படுக்கையறை ஜன்னலில் மட்டும் திரை இல்லை. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. கடையில் மிச்சமான துணியில், சாம்பல் கலந்த நீலத்தில், அவள் ஒரு ஜோடித் திரை தைத்து எடுத்துவந்தாள். கம்பியும் வாங்கியாயிற்று. சுவரில் ஓட்டை போட வேண்டியதுதான் பாக்கி.

"நானே போடறேன்," என்றார் அவர், விடுமுறைக் காலையில்.

ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து ஒரு பையை இறக்கினார். உள்ளே டிரில் மிஷின். அதன் வாயில் கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு நீள பிட், துளைக்கிற அலகு, மாட்டியிருந்தது.

"இதால போட்டா ஓட்டை வராது, இன்னொரு ஜன்னல்தான் வரும்," என்று அவரே சொல்லிவிட்டு அதைக் கழற்றப் பார்த்தார். பிட்டைக் கவ்விக்கொண்டிருந்த 'சக்' என்கிற வளையத்தைக் கையால் திருகினார். அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முக்கினார். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"விடுங்க, யாரையாவது கூப்பிட்டுப் போட்டுக்கலாம்," என்றாள் அவள்.

"இரு இரு, ஒரு நிமிஷம் கேட்டுட்டு வந்துடறேன்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். யாரிடம் கேட்கப் போகிறார் என்று அவள் யோசிப்பதற்குள் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அவள் கேட்டேயிராத சிரிப்பு. தொண்டையைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடர்கிற சிரிப்பு.

"பிளக்கை எப்பவோ புடுங்கிட்டேன், அந்த அளவுக்கு மடையன் இல்ல நான்... இடதா? எந்தப் பக்கத்து இடது?... ஓ, அதுக்குச் சாவி இருக்கா?"

மறுமுனையில் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் உள்ளே வந்தார். சிரிப்பு இன்னும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "சாவி போட்டுத்தான் கழட்டணுமாம். மீட்டர் பெட்டிக் கதவோட உள்பக்கம் ஒரு காந்தம் இருக்கும், அதுல ஒட்டியிருக்கும்னா."

போய்த் திறந்தால் இருந்தது. நுனியில் பல்சக்கரம் வைத்த சின்ன இரும்புச் சாவி. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறாள். அதற்குப் பின்னால் ஒரு சாவி தொங்குவது தனக்குத் தெரியவில்லை. எங்கேயோ இருக்கிற ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இது யார் வீடு?

சாவி போட்டும் சக் இளகவில்லை. "இறுகிப்போயிருக்கும்னு சொன்னா," என்றார் அவர் வெகுளியாக. "அவளே ஒரு நடை வந்து பாத்துடறேங்கறா. வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"திரை?"

"திரையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். வெயில் அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மிஷினைப் பார்த்தார். "சரிம்மா," என்றார். விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

மறுநாள் அவள் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கடையில் ஏணி என்று ஒருத்தர் இருந்தார். வீடு வீடாகப் போய்த் திரைக்கம்பி மாட்டுகிறவர். ஏணி இல்லாமலே பாதிச் சுவருக்குக் கை எட்டும் என்பதால் அந்தப் பெயர். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்.

"அண்ணே, இத எனக்குக் கழட்டத் தெரியணும். நீங்க கழட்டித் தர வேண்டாம். எப்படின்னு சொல்லுங்க, நானே பண்ணிக்கறேன்."

ஏணி மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இது நல்ல கைகாரர் வச்சிருந்த மிஷினாச்சே. வயர் எங்கயும் நையாம துணி சுத்தியிருக்கார் பாரு. பல்லுல ஒரு பொட்டுத் துரு இல்ல. யாரு அவர்?"

"அவர் இல்ல, அவ," என்றாள். "எங்க வீட்டுக்காரரோட முதல் சம்சாரம்."

ஏணி மிஷினைச் சட்டென்று மேஜைமேல் வைத்தார். "மிஷின் என்னவோ சாதாரண மிஷின்தான்," என்றார்.

அவர் சொல்ல, அவள் செய்தாள். சக்கின் பக்கவாட்டில் சுற்றிவர மூன்று ஓட்டைகள். ஒன்றில் சாவியை நுழைத்து, பல்லோடு பல் பொருந்தினதும், சாவியின் கைப்பிடியில் மரச்சுத்தியால் சுருக்கென்று ஒரு தட்டு. 'டிக்' என்று உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்தது. அப்புறம் வெண்ணெயாகச் சுழன்றது. உள்ளே மூன்று தாடைகள் விலகி, தடித்த பிட் அவள் மடியில் விழுந்தது.

"மாட்டறதுலதான் ஜாக்கிரதை வேணும் தங்கச்சி. மூணு தாடைக்கும் நடுவுல பிட் நிக்கணும். ரெண்டுக்கு நடுவுல சிக்கிட்டா, பாக்கறதுக்கு இறுக்கமாத்தான் இருக்கும், சுத்தும்போது குடிகாரன் மாதிரி ஆடும். அப்புறம் ஒரு ஓட்டையில மட்டும் முறுக்கிட்டு விட்டுடாத. மூணுலயும் முறுக்கு. முறுக்கினதும் சாவிய எடு. எடுக்காம சுவிட்சத் தட்டினேன்னா, சாவி எவன் கண்ணுலயாவது போய்த்தான் நிக்கும்."

அவளுக்கு அது வெகு சீக்கிரம் பிடிபட்டது. தையல் மிஷினில் ஊசி மாற்றுவதும் ஏறக்குறைய இதுதானே? தட்டைப் பக்கத்தைப் பார்த்துச் செருகி, மேலே முட்டும்வரை ஏற்றி, திருகாணியை இறுக்குகிற வேலை. அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜைக்கடியில் உட்கார்ந்து பிட்டைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். மரத்துண்டில் ஓட்டை போட்டாள், அப்புறம் கடைக்குப் பின்னால் கிடந்த செங்கல்லில். ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் முன்னவளின் கை இதே இடத்தைப் பிடித்திருக்கும் என்ற நினைப்பு வரும். கைப்பிடி ரப்பர் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. உள்ளங்கையை அங்கே வைக்காமல் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, என் வேலைக்கு வேட்டு வைக்கப் போறியா?" என்று ஏணி கேட்டார்.

"உங்க வேலைக்கு இல்ல," என்றாள் அவள்.

அடுத்த விடுமுறைக்கு அவருக்கு மருந்துக்கடையில் முறை இருந்தது. அவர் படியிறங்கியதும் ஸ்டூலை ஜன்னலுக்கு அருகே இழுத்தாள். சாயங்காலம் அவர் வரும்போது திரை தொங்க வேண்டும். 'யார் வந்து போட்டாங்க?' என்று கேட்பார். 'யாரும் வரல' என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை நான்கைந்து குரலில் சொல்லிப் பார்த்தும் ஆயிற்று.

ஜன்னல் சட்டத்திலிருந்து அளவெடுத்தாள். துணி தரையைத் தொடாமல் விரல்கடை மேலே நிற்க வேண்டும். அதற்கு ஏற்ற உயரத்தில் பென்சிலால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெருக்கல் குறி போட்டாள். பென்சில் நுனி சுவரில் லேசாக அமுங்கியது. நகத்தால் சுரண்டினாள். பெயின்ட் உரிந்து, உள்ளே வெள்ளைப் பூச்சு அடைத்த ஒரு பழைய ஓட்டை. அந்தப் பக்கத்துக் குறியையும் போய்ச் சுரண்டினாள். அங்கேயும் ஒன்று.

தான் அளந்து, கணக்குப் போட்டு, யோசித்து வைத்த குறி, நூல் பிசகாமல் முன்னவள் ஏற்கெனவே ஓட்டை போட்ட இடம்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. குறியை எச்சில் தொட்டு அழித்தாள். நான்கு விரல் மேலே புதிதாக ஒன்று போட்டாள். பிட்டைச் செருகி, கைக்கு எட்டின ஓட்டையில் சாவியை வைத்து ஒரே முறுக்கு. ஸ்டூலில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள்.

மேலே இருந்தது செங்கல் அல்ல, கான்கிரீட். பிட் பாதி தூரம் போய், உள்ளே கம்பியிலோ கல்லிலோ முட்டிக்கொண்டு நின்றது. அவள் இன்னும் அழுத்தினாள். சக் மட்டும் வெறுமனே சுற்றிக் கிரீச்சிட்டது. கருகல் வாடை வந்தது. பயந்துபோய் மிஷினைப் பின்னால் இழுத்தாள். மிஷின் வந்துவிட்டது. பிட் சுவரிலேயே நின்றுவிட்டது.

கையால் இழுத்தாள், சுட்டது. குறட்டால் இழுத்தாள், வரவில்லை. தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அவள் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால், நெடுநெடுவென்று ஒரு பெண். கொண்டையில் ஒரு பென்சில். போட்டோவில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குண்டு. அந்தக் கணத்திலும் இவள் மனசு அதை மறக்காமல் குறித்துக்கொண்டது.

"மிஷின் எடுத்துட்டுப் போக வந்தேன். அவர் சொல்லலையா? இது இங்க இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னு போன் பண்ணினார்."

"சொல்லல."

"அவர் எப்பவும் அப்படித்தான்."

அப்படிச் சொல்வதற்கு உரிமை இப்போது எனக்குத்தான் என்று இவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வந்தவள் செருப்பைப் பார்க்காமலே கழற்றினாள்; காலே அதைக் கதவு மூலைக்குத் தள்ளிவிட்டது. அந்தக் காலுக்கு இந்த வீடு இன்னும் மறக்கவில்லை. ஆனால் உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்று, "வரலாமா?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல் இவள் வழிவிட்டாள். மிஷினை எடுத்துவர உள்ளே போனவளின் பின்னாலேயே வந்த முன்னவள், படுக்கையறை வாசலில் நின்றபடி சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பிட்டைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று இவள் காத்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எத்தன ஓட்டையில முறுக்கினீங்க?"

"ஒண்ணுல."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான். கோவத்துல."

"ம். கோவத்துல மூணாவது ஓட்டை வரைக்கும் கை போகாது." முன்னவள் கிட்டே வந்து, அழிந்தும் அழியாத பென்சில் குறியையும், சுரண்டப்பட்ட பழைய ஓட்டையையும் பார்த்தாள். முகம் மாறியது. "ஓ. இதப் பாத்துட்டீங்களா?"

"நீங்க போட்டதுதானே? கம்பி எங்க போச்சு?"

முன்னவள் கட்டில் ஓரத்தில் உட்காரப் போய், என்ன நினைத்தாளோ, உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான்தான் கழட்டிக் கொண்டுபோயிட்டேன். போகும்போது இந்த வீட்டுல ஒரு ஆணியக்கூட நான் எடுக்கல. மிஷினே வேணாம்னு விட்டுட்டுப் போனேன். இந்தக் கம்பி மட்டும்... நாளைக்கு எவளோ ஒருத்தி வருவா, இதுல அவளுக்குப் பிடிச்ச திரையப் போடுவா, காலைல எழுந்து விலக்கிப் பாப்பான்னு தோணிச்சு. பொறுக்கல. ஓட்டையப் பூச்சு வச்சு அடைச்சுத் தேய்ச்சு, பெயின்டும் அடிச்சு, இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாம பண்ணிட்டுப் போனேன். கம்பிய வழியிலேயே போட்டுட்டேன். எனக்கு எதுக்கு அது?"

இவள் அந்தப் பழைய ஓட்டையை விரலால் தடவினாள். தான் யார், எப்படி இருப்போம் என்றுகூடத் தெரிவதற்கு முன்னாலேயே ஒருத்தி தன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் பரவியது. சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இத்தனை நாள் கண்ணில் வெயில் வாங்கியது இவளால்தானே என்று கோபமும் வந்தது. எதை முதலில் காட்டுவதென்று தெரியாமல், "இத எப்படி எடுக்கறது?" என்று கேட்டாள்.

"மிஷினக் குடுங்க. இல்ல, நீங்களே புடிங்க. சாவிய எங்கிட்டக் குடுங்க."

இவள் ஸ்டூலில் ஏறி, திறந்த சக்கைச் சுவரிலிருந்த பிட்டின் தண்டுக்கு மேலேயே கவிழ்த்துப் பிடித்தாள். முன்னவளுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. கொஞ்சம் எக்கி, சாவியைப் போட்டு முறுக்கினாள். ஒரு ஓட்டை. சக்கைத் திருப்பி அடுத்தது. திருப்பி மூன்றாவது. இரண்டு பேரின் கையும் உரசிக்கொண்டன. முன்னவளின் விரல்கள் மரத்தூள் ஏறி, காய்த்துப்போய், சொரசொரவென்று இருந்தன.

"இப்ப அந்தக் குமிழத் தள்ளுங்க, திரும்பிச் சுத்தும். மெதுவா. இழுங்க, நேரா இழுங்க."

பிட் உறுமிக்கொண்டே வெளியே வந்தது. பின்னாலேயே ஒரு கைப்பிடித் தூள் இரண்டு பேர் முகத்திலும் கொட்டியது. இருமினார்கள்.

"போன வாரம் போன் பண்ணினாரே," என்றாள் முன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஸ்டூல் மேல ஏறி மிஷின இறக்கினேன், கையக் கிழிச்சுக்கிட்டேன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்புறம் போனை வச்சிட்டு, ரொம்ப நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன். எங்கூட இருந்த வரைக்கும் அந்த மனுஷன் ஒரு பல்புகூட மாட்டினதில்ல. 'உனக்குத்தான் தெரியுமே'ம்பார். உங்களுக்காக ஸ்டூல்ல ஏறியிருக்கார்."

டீ போடட்டுமா என்று இவள் கேட்டாள். வேலை கிடக்கிறது என்றாள் முன்னவள். கட்டிலில் மடித்து வைத்திருந்த திரையைக் கண்டு, கை துடைத்துவிட்டு, விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். உள்மடிப்புத் தையல் ஓடியிருந்த நேர்த்தியில் கண் நின்றது.

"நீங்க தைச்சதா?"

"ஆமா."

"எனக்கு ஒரு பட்டன் வச்சாலே ரெண்டு நாள்ல விழுந்துடும்," என்று திரையைப் பொத்தென்று போட்டாள். அந்தப் 'பொத்'தில் என்ன இருந்தது என்று இவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அது இவளுக்கு நெருங்கிய சொந்தம்.

வாசலில் முன்னவள் பையை நீட்டினாள். "வேணும்னா வச்சுக்குங்க. எங்கிட்ட இன்னும் நாலு இருக்கு."

"இல்ல. நீங்க கொண்டுபோங்க. எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கறேன்."

"அதுவும் சரிதான்."

வழியனுப்ப ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இவள் தடுமாறினாள். அக்கா என்பதா, என்னவென்பது? உறவு முறையில் அதுதான் சொல். அதைச் சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை. முன்னவளே கண்டுபிடித்துவிட்டாள். "அக்கான்னு மட்டும் கூப்பிட்டுத் தொலைச்சிடாதீங்க. எனக்கு வயசாயிடும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சாயங்காலம் வந்தவர் சுவரில் அரைகுறையாக நிற்கும் ஓட்டையைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். "வந்துட்டுப் போயிட்டாளா? உனக்கு அந்த மிஷின் பிடிக்கலையேன்னுதான்..."

"மிஷின் என்னங்க பண்ணிச்சு என்னை? நீங்க அவங்ககூட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினதுதான் எனக்குப் பிடிக்கல."

சொல்லிவிட்டாள். அவர் 'சரிம்மா' சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்திரி ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட என்ன உளறினாலும் பரவாயில்லங்கற மாதிரி இருக்கு. எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு? உன்கிட்ட வாயத் திறக்கறதுக்கு முன்னாடி பத்துத் தடவ யோசிக்கறேன். ஏதாவது தப்பாச் சொல்லி, நீயும் போயிட்டேன்னா?"

அவளுக்கு அவரை ஒரு அடி போடலாம் போலவும், பக்கத்தில் போய் உட்காரலாம் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தாள்.

"யோசிக்காமப் பேசுங்க. தப்பாச் சொன்னா திட்டுவேன். அதுக்காக எங்கயும் போயிட மாட்டேன்."

"நிஜமா?"

"நல்லாவே திட்டுவேன்."

பொறாமை அன்றோடு ஒழிந்தது என்று சொன்னால் அது பொய். முன்னவளிடமிருந்து எப்போதாவது போன் வரும். அவர் இப்போது பால்கனிக்குப் போவதில்லை. இவள் எதிரிலேயே உட்கார்ந்து பேசுவார். இவள் தையலைக் குனிந்து பார்த்துக்கொண்டே காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பாள். பேச்சு நீண்டால் தையல் மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள். அவரும் புரிந்துகொண்டு, "சரி, அப்புறம் பேசறேன்," என்பார்.

டிரில் மிஷினை அடுத்த வாரமே இரண்டு பேருமாகப் போய் வாங்கினார்கள். சாவி இல்லாமல் கையாலேயே முறுக்குகிற வகை. கடைக்காரர் அதை அவரிடம் நீட்ட, அவர் வாங்கி அப்படியே இவள் கையில் கொடுத்தார். இவள் சக்கைத் திறந்து மூடிப் பார்த்தாள். மூன்று தாடையும் ஒன்றுபோல வருகிறதா என்று வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் அதற்கப்புறம் இவளிடம் மட்டுமே பேசினார்.

கம்பிக்கு எந்த இடம் என்பதில் அவளுக்கு ஒரு நாள் முழுக்க யோசனை. மேலே கான்கிரீட். கீழே இறக்கினால் துணி தரையில் புரளும். சரியான இடம் ஒன்றுதான், அதில் பூச்சு அடைத்திருந்தது. இரண்டு பேர் அளந்தும் அதே இடம் வருகிறதென்றால் அந்த இடத்தின்மேல் என்ன குற்றம்? ஸ்டூலில் ஏறினாள். அவர் கீழே செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி, தூள் விழும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தார்.

"வாய மூடிக்கிட்டுப் பாருங்க," என்றாள்.

"யோசிக்காமப் பேசச் சொன்னியே?"

"ஓட்டை போடும்போது வேண்டாம்," என்று சொல்லி, மறுபடி சுவிட்சை அழுத்தினாள்.